தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

கடமையான வணக்கங்களைப் பற்றி எழும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. எது விடுபட்டால் வணக்கமே கூடாது, எது விடுபட்டால் நன்மை மட்டும் குறையும் என்பது தெரிவதில்லை. அதனால் சிலர் ஒரு சுன்னத் (கட்டாயமில்லாத நற்செயல்) தவறியதற்காகத் தொழுகையை மறுபடி மறுபடி தொழுது களைத்துப் போகிறார்கள். வேறு சிலர் பர்ளையே (கட்டாயக் கடமையையே) விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் (இஸ்லாமியச் சட்ட மரபுகளின்) சட்டப்படி எழுதப்பட்டவை. இரண்டும் வேறுபடும் இடத்தில் இரண்டையும் சொல்லியிருக்கிறோம். நீங்கள் எதைப் பின்பற்றுகிறீர்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பர்ளு, வாஜிப், சுன்னத்துன்னு பிரிக்கிறாங்களே, நடைமுறையில் எனக்கு அதனால் என்ன?

பர்ளு விடுபட்டால் அந்த வணக்கம் நிறைவேறாது. மறந்து விட்டிருந்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். சுன்னத் விடுபட்டால் வணக்கம் கூடிவிடும், அந்த நன்மை மட்டும் கிடைக்காது. ஹனஃபி மத்ஹபில் இவற்றுக்கு இடையே வாஜிப் என்ற ஒரு படி உண்டு. தொழுகையில் வாஜிபை மறந்துவிட்டால் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்காக நெற்றியைத் தரையில் வைத்துச் செய்யும் இரண்டு ஸஜ்தாக்கள்) செய்தால் போதும், வேண்டுமென்றே விட்டால் தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபில் பர்ளும் வாஜிபும் ஒன்றே, ஹஜ்ஜில் மட்டும் இரண்டையும் பிரிப்பார்கள். தொழுகையின் சுன்னத்துகளில் முதல் அத்தஹிய்யாத் (நடு இருப்பில் ஓதுவது), சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகையில் ஓதும் குனூத் துஆ போன்ற சிலவற்றை விட்டால் ஸஜ்தா ஸஹ்வு செய்வது சுன்னத். மற்ற சுன்னத்துகளுக்கு அதுவும் கிடையாது.

2. ஒளு செய்யும்போது வாய் கொப்பளிக்க மறந்துட்டேன். ஒளு கூடுமா?

கூடும். ஒளு என்பது தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவிச் சுத்தம் செய்வது. ஹனஃபியில் அதன் பர்ளு 4: முகம் கழுவுதல், முழங்கை உட்பட இரு கைகளைக் கழுவுதல், தலையில் கால் பங்குக்கு மஸ்ஹு செய்தல் (ஈரக் கையால் தடவுதல்), கணுக்கால் உட்பட இரு கால்களைக் கழுவுதல். திருக்குர்ஆன் 5:6 சொல்லும் நான்கும் இவைதான். ஷாஃபிஈயில் இவற்றோடு நிய்யத்தும் (மனத்தில் கொள்ளும் எண்ணமும்) வரிசை மாறாமல் செய்வதும் சேர்ந்து 6. தலை மஸ்ஹுக்கு அங்கே சிறு பகுதியில் ஈரம் பட்டாலே போதும். வாய் கொப்பளிப்பதும் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் இரண்டிலும் சுன்னத். மும்மூன்று முறை கழுவுவதும் அப்படியே.

கெட்டுப்போகும் இடங்கள் வேறு. முழங்கையின் பின்பக்கம், குதிகால், விரல் இடுக்கு, இறுக்கமான மோதிரத்தின் அடி ஆகிய இடங்களில் தண்ணீர் படாமல் போவதுதான் அதிகம். ஷாஃபிஈ சட்டத்தில் நிய்யத் முகத்தின் முதல் பகுதியைக் கழுவும் நேரத்தில் மனத்தில் இருக்க வேண்டும். கையைக் கழுவும்போது நினைவு வந்தால் முகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

3. தொழுகையில் காற்றுப் பிரிந்த மாதிரியே இருக்கு, ஆனா உறுதியாத் தெரியல. என்ன செய்ய?

தொழுகையைத் தொடருங்கள். இப்படிப்பட்டவரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, சத்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒளு இருந்தது உறுதி. அது முறிந்தது என்பது வெறும் சந்தேகம். உறுதியைச் சந்தேகம் நீக்காது. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்கும் அதுவே விடை தரும். மாறாக, ஒளு முறிந்தது உறுதியாகத் தெரிந்து, பிறகு செய்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒளு இல்லை என்றே எடுத்து, புதிதாகச் செய்ய வேண்டும்.

சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் இறங்கும் நோய் உள்ளவர்களின் சட்டம் வேறு. ஹனஃபியில், ஒரு தொழுகையின் முழு நேரத்திலும் ஒளு செய்து தொழும் அளவுக்கு இடைவெளி கிடைக்காதவர் மஅதூர் (சலுகைக்குரியவர்) ஆவார். அவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒருமுறை ஒளு செய்தால் போதும். அந்த நேரம் முடியும் வரை அந்த ஒழுக்கால் ஒளு முறியாது. ஷாஃபிஈயில், நேரம் வந்த பிறகு கழுவி, துணி வைத்துக் கட்டி, ஒளு செய்து தாமதிக்காமல் தொழ வேண்டும். அந்த ஒளுவால் ஒரு பர்ளுதான் தொழலாம், சுன்னத்துகள் எத்தனையும் தொழலாம்.

4. நகப்பூச்சு இருந்தா ஒளு கூடாதுன்னா, மருதாணி மட்டும் எப்படிக் கூடும்?

தண்ணீர் நகத்தையும் தோலையும் தொட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மருதாணி விட்டுச் செல்வது நிறம் மட்டுமே, அது தண்ணீரைத் தடுக்காது. நகப்பூச்சு ஒரு படலமாக நிற்கிறது. காய்ந்த பெயிண்ட், பசை, மெழுகு எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். மருதாணியிலும் உலர்ந்த விழுது ஒட்டியிருந்தால் அதை உரித்துவிட்டுக் கழுவ வேண்டும்.

5. கடமையான குளிப்புக்குப் பின்னலை அவிழ்க்கணுமா? ஷவரில் நின்றாலே போதுமா?

உடலுறவு, மாதவிடாய் போன்றவற்றால் வரும் பெருந்தொடக்கை நீக்கும் குளிப்பில் ஹனஃபியின் பர்ளு 3: வாயினுள் முழுவதும் தண்ணீர் படக் கொப்பளித்தல், மூக்கினுள் தண்ணீர் செலுத்துதல், உடல் முழுவதும் தண்ணீர் படுதல். கேள்வி 2-இல் சுன்னத்தாக இருந்த கொப்பளிப்பு இங்கே பர்ளு என்பதைக் கவனியுங்கள். ஷவரில் நின்றுவிட்டு வந்து, இதை விட்டவர்கள் நிறையப் பேர். ஷாஃபிஈயில் பர்ளு 2: நிய்யத், உடல் முழுவதும் தண்ணீர் படுதல். நிய்யத் இல்லாமல் வெறும் அழுக்குப் போகக் குளித்தால் ஷாஃபிஈயில் தொடக்கு நீங்காது.

பின்னலை அவிழ்க்காமலே தண்ணீர் வேர்க்கால் வரை இறங்கினால் ஹனஃபியில் பெண்களுக்கு அது போதும். ஷாஃபிஈயில் முடியின் உட்பகுதியிலும் தண்ணீர் பட வேண்டும். இறுகப் பின்னியதால் படாது என்றால் அவிழ்த்தே ஆக வேண்டும். தொப்புள், காதின் மடிப்பு, அக்குள் ஆகியவற்றைக் கையால் தடவிவிடுவது நல்லது.

6. சுபுஹு தொழுதுகொண்டிருக்கும்போதே சூரியன் உதிச்சிட்டா?

ஷாஃபிஈயில் சூரியன் உதிக்கும் முன் ஒரு ரகஅத் (நிற்பது முதல் ஸஜ்தாக்கள் வரையிலான ஒரு சுற்று) முழுமையாகக் கிடைத்திருந்தால் அது நேரத்தில் தொழுததாகவே ஆகும். ஒரு ரகஅத்தும் கிடைக்கவில்லையென்றால் களாவாக (நேரம் தவறியபின் நிறைவேற்றுவதாக) கூடிவிடும். ஹனஃபியில் சுபுஹுக்கு நடுவே சூரியன் உதித்தால் அந்த பர்ளு முறிந்துவிடும். சூரியன் நன்றாக மேலெழுந்த பிறகு களாவாகத் தொழ வேண்டும். ஆனால் அன்றைய அஸரை (பிற்பகல் தொழுகையை) தொழும்போது சூரியன் மறைந்தால் ஹனஃபியிலும் தொழுகை கூடும். அதற்காக அதுவரை தாமதப்படுத்துவது பாவம்.

அஸரின் தொடக்கமும் மத்ஹபுக்கு மத்ஹபு மாறும். ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழல் போக அந்தப் பொருளின் அளவை எட்டியதும் ஷாஃபிஈ அஸர் தொடங்கும். ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) சொல்லில் அது இரு மடங்காக வேண்டும். நேர அட்டவணையில் இரண்டு அஸர் நேரங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

7. வேகமாத் தொழுதா தொழுகை கூடாதா? எல்லாத்தையும் ஓதித்தானே தொழறேன்?

ஓதுவதில் வேகம் இருக்கலாம், எழுத்துகள் சிதையக் கூடாது. உறுப்புகள் நிலைகொள்ளாத வேகம்தான் ஆபத்து. ஒருவர் அவசர அவசரமாகத் தொழுதபோது, “திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவே இல்லை” என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை அனுப்பினார்கள். ருகூஉவில் (குனிந்து நிற்கும் நிலையில்), ருகூஉவிலிருந்து நிமிர்ந்த நிலையில், ஸஜ்தாவில், இரு ஸஜ்தாக்களுக்கு நடுவில் என நான்கு இடத்திலும் உடல் அசைவு அடங்கி ஒரு ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்லும் நேரமாவது நிற்க வேண்டும். ஷாஃபிஈயில் இது பர்ளு, ஹனஃபியில் வாஜிப். பலர் ருகூஉவிலும் ஸஜ்தாவிலும் தாமதித்துவிட்டு, மற்ற இரண்டு இடங்களில் பாதி நிமிர்ந்ததுமே அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். கோளாறு அங்கேதான்.

ஸஜ்தாவில் தரையில் படவேண்டியவை 7 என்று ஹதீஸில் வருகிறது: மூக்கு சேர்ந்த நெற்றி, இரு உள்ளங்கை, இரு முழங்கால், இரு பாதங்களின் விரல்கள். பாதங்களைத் தூக்கிக்கொண்டு ஸஜ்தா செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஸஜ்தா முழுவதும் இரு பாதமும் தரையில் படாமலே இருந்தால் தொழுகையே கேள்விக்குள்ளாகும்.

8. இமாம் ருகூஉவில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தா அந்த ரகஅத் கிடைச்சதா?

கிடைக்கும், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, தக்பீர் தஹ்ரீமாவை (தொழுகையைத் தொடங்கும் ‘அல்லாஹு அக்பரை’) நேராக நின்று சொல்லி முடிக்க வேண்டும். ஓடிவந்து குனிந்துகொண்டே ‘அல்லாஹு அக்பர்’ சொல்பவரின் தக்பீர் ருகூஉவில் போய் முடிந்தால் தொழுகை தொடங்கவே இல்லை. மீதி எவ்வளவு அழகாகத் தொழுதாலும் பயனில்லை. ஒரு ரகஅத் போனாலும் பரவாயில்லை, நிதானமாக நின்று தக்பீர் சொல்லுங்கள். இரண்டாவது, இமாம் நிமிரும் முன் நீங்கள் ருகூஉவில் அவரோடு இருக்க வேண்டும். ஷாஃபிஈயில் அந்த நிலையில் அசைவு அடங்கியிருப்பதும் வேண்டும். சேர்ந்தோமா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ரகஅத் கிடைக்கவில்லை என்றே கணக்கிட வேண்டும்.

சூரியன் மறைந்ததும் தொழும் 3 ரகஅத் மஃரிபில் கடைசி ரகஅத் மட்டும் கிடைத்தவர்கள் குழம்புவார்கள். இமாம் இரு பக்கமும் ஸலாம் கொடுத்ததும் எழுந்து ஒரு ரகஅத் தொழுது உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓத வேண்டும். பிறகு எழுந்து இன்னொரு ரகஅத் தொழுது கடைசி இருப்பு. ஆக மூன்று ரகஅத்திலும் இருப்பு வரும். ஹனஃபியில் எழுந்து தொழும் இரண்டிலும் பாத்திஹாவோடு (குர்ஆனின் முதல் அத்தியாயத்தோடு) துணை சூரா ஓத வேண்டும்.

9. மூணா நாலான்னு மறந்துபோச்சு. எதை எடுத்துக்கிறது?

ஷாஃபிஈயில் குறைந்ததை எடுக்க வேண்டும். மூன்று உறுதி, நான்காவது சந்தேகம் (கேள்வி 3-இன் அதே விதி). இன்னொரு ரகஅத் தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா ஸஹ்வு செய்துவிட்டு ஸலாம் கொடுக்க வேண்டும்.

ஹனஃபியில், இப்படி மறதி வருவது வழக்கமே இல்லாதவர் திரும்பத் தொழ வேண்டும். அடிக்கடி வருபவர் மனம் எந்தப் பக்கம் பலமாகச் சாய்கிறதோ அதன்படி செய்யலாம். எந்தப் பக்கமும் சாயவில்லையென்றால் குறைந்ததை எடுத்து, கடைசி ரகஅத்தாக இருக்கக்கூடிய ஒவ்வொன்றிலும் உட்கார வேண்டும். அதாவது இப்போது முடித்ததிலும் உட்கார்ந்து, அடுத்ததிலும் உட்கார வேண்டும். கடைசியில் அத்தஹிய்யாத் ஓதி வலப்பக்கம் ஒரு ஸலாம், இரண்டு ஸஜ்தா, மறுபடி அத்தஹிய்யாத், ஸலவாத், துஆ, பிறகு ஸலாம். தொழுது முடித்த பிறகு வரும் வெறும் சந்தேகத்தை இரு மத்ஹபுமே பொருட்படுத்துவதில்லை.

10. நடு இருப்பில் உட்காராம எழுந்துட்டேன். திரும்ப உட்காரலாமா?

முழுவதுமாக நிமிர்ந்துவிட்டால் உட்காரக் கூடாது. தொடர்ந்து தொழுது கடைசியில் ஸஜ்தா ஸஹ்வு செய்யுங்கள், முறை கேள்வி 9-இல் உள்ளது. நிமிர்வதற்குள் நினைவு வந்தால் உட்கார்ந்துவிடலாம். இமாமின் பின்னால் தொழுபவர் மட்டும் மறந்து எழுந்துவிட்டால், முழுதாக நின்றிருந்தாலும் இமாமோடு சேர உட்கார்ந்துவிட வேண்டும்.

11. இமாமுக்குப் பின்னால் பாத்திஹா ஓதணுமா, வேண்டாமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

ஷாஃபிஈயில் ஒவ்வொரு ரகஅத்திலும் ஓத வேண்டும். இமாம் சத்தமிட்டு ஓதும் தொழுகையிலும் அப்படியே. தாமதமாக வந்து சேர்ந்தவருக்கு ஓத நேரம் கிடைக்காத அளவு மன்னிக்கப்படும். ஹனஃபியில் இமாமின் ஓதலே பின்னால் நிற்பவருக்கும் ஓதலாகும், மௌனமாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. பக்கத்தில் நிற்பவர் வேறு விதமாகச் செய்வதைத் திருத்தப் போக வேண்டாம்.

12. ஜும்ஆவில் இமாம் அத்தஹிய்யாத்தில் இருக்கும்போது சேர்ந்தேன். இரண்டா, நாலா?

ஹனஃபியில் இரண்டு. ஸலாமுக்கு முன் சேர்ந்துவிட்டாலே ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) கிடைத்தது. ஷாஃபிஈயில் இமாமோடு ஒரு ரகஅத் முழுதாகக் கிடைத்தால்தான் ஜும்ஆ. இரண்டாவது ரகஅத்தின் ருகூஉ தவறிவிட்டால் ஜும்ஆ நிய்யத்திலேயே சேர்ந்து, இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து லுஹராக (நண்பகல் தொழுகையாக) 4 ரகஅத் முடிக்க வேண்டும். நிய்யத் ஜும்ஆவாகவும் தொழுவது லுஹராகவும் இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம், சட்டம் அதுதான்.

13. முழங்கால் வலி. நாற்காலியில் உட்கார்ந்தே முழுத் தொழுகையும் தொழலாமா?

“நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து” என்பது நபிமொழி. வலிக்கு அஞ்சி எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட இதில் இடமில்லை. எது முடியவில்லையோ அதில் மட்டுமே சலுகை. கீழே உட்காரத்தான் முடியவில்லை, நிற்க முடியும் என்பவர் ஷாஃபிஈயில் நின்றே ஓத வேண்டும், ருகூஉவையும் நின்றே செய்ய வேண்டும், ஸஜ்தாவுக்கும் இருப்புக்கும் மட்டும் நாற்காலி. ஹனஃபியில் தரையில் ஸஜ்தா செய்யவே முடியாதவருக்கு நிற்பது கடமையாகாது, உட்கார்ந்து சைகையால் தொழலாம். ஆனால் ஸஜ்தா செய்ய முடிந்தவர் பர்ளு தொழுகையில் சுவரிலோ கைத்தடியிலோ சாய்ந்தாவது நிற்க வேண்டும்.

சைகையால் தொழும்போது ஸஜ்தாவுக்கு ருகூஉவை விடச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். எதிரே பலகை வைத்து நெற்றியை அதில் வைக்க வேண்டிய அவசியமில்லை.

14. பயணத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு மேல் சுருக்கணும்? எத்தனை நாள் வரை?

ஒரு வழித் தூரம் ஹனஃபியில் சுமார் 78 கி.மீ. ஷாஃபிஈயில் சுமார் 82 கி.மீ. என்பது பலர் எடுக்கும் கணக்கு. போக வரச் சேர்த்து எண்ணக் கூடாது. சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பிறகே சுருக்க வேண்டும், வீட்டில் பெட்டி கட்டியதும் அல்ல. 4 ரகஅத் உள்ள லுஹர், அஸர், இஷா (இரவுத் தொழுகை) மட்டும் 2 ரகஅத் ஆகும். சுபுஹும் மஃரிபும் மாறாது. போய்ச் சேரும் இடத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் எண்ணம் இருந்தால் ஹனஃபியில் முழுதாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈயில் வந்த நாளும் புறப்படும் நாளும் போக முழுதாக 4 நாள் தங்கும் எண்ணம் இருந்தாலே சலுகை முடிந்தது.

ஹனஃபியில் சுருக்குவது வாஜிப், ஷாஃபிஈயில் விருப்பம். உள்ளூர் இமாமுக்குப் பின்னால் தொழுதால் இரண்டிலும் முழுதாகத்தான் தொழ வேண்டும். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழ ஷாஃபிஈயில் பயணிக்கு அனுமதி உண்டு. ஹனஃபியில் அது ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும்தான். பயணத்தில் தவறிய லுஹரை வீட்டில் களா செய்தால் ஹனஃபியில் 2 ரகஅத், ஷாஃபிஈயில் 4.

15. பல வருடத் தொழுகை பாக்கி இருக்கு. எண்ணிக்கையே தெரியாது. தவ்பா செய்தால் போதாதா?

தவ்பா (பாவமன்னிப்புக் கோருதல்) வேண்டும், அதோடு களாவும் வேண்டும். நான்கு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபட்டவை. பருவமடைந்தது முதல் ஒழுங்காகத் தொழத் தொடங்கியது வரை எத்தனை வருடம் என்று மதிப்பிட்டு, குறைந்துவிடாதபடி சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மாதவிடாய், பிரசவ இரத்த நாட்களைக் கழித்துவிடலாம். அந்த நாட்களின் தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு மட்டுமே உண்டு. ஒரு நாளைக்கு 17 ரகஅத் பர்ளு, ஹனஃபியில் இஷாவுக்குப் பின் தொழும் வித்ரின் 3-உம் சேர்ந்து 20. ஒவ்வொரு பர்ளோடும் அதே தொழுகையின் களா ஒன்றைத் தொழுதுவந்தால், விட்ட ஒரு வருடம் ஒரு வருடத்தில் தீரும். “என் மீதுள்ள முதல் சுபுஹு” என்று நிய்யத் வைத்தால் தேதி தேட வேண்டாம். தீர்த்ததைக் குறித்து வையுங்கள்.

16. அஸர் நேரத்தில் மாதவிடாய் நின்றது. லுஹரும் தொழணுமா?

ஷாஃபிஈயில் ஆம். சேர்த்துத் தொழ அனுமதியுள்ள இரண்டும் (கேள்வி 14) இந்தச் சட்டத்தில் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன. அஸர் நேரத்தில் ஒரு தக்பீர் சொல்லும் அளவு மீதியிருந்தாலும் லுஹரும் அஸரும் கடமை, இஷா நேரத்தில் நின்றால் மஃரிபும் இஷாவும் கடமை. ஹனஃபியில் அந்த நேரத்துக்குரிய தொழுகை மட்டும். 10 நாள் முழுமையாகி நின்றிருந்தால் ஒரு தக்பீர் நேரம் போதும். அதற்குள் நின்றிருந்தால் குளித்துத் தக்பீர் சொல்லும் அளவு நேரம் மீதியிருக்க வேண்டும். நின்ற பிறகு ‘காலையில் குளித்துக்கொள்ளலாம்’ என்று இரவைக் கடத்துபவர்கள் இஷாவை இழக்கிறார்கள்.

17. ஸஹருக்கு எழவில்லை, நிய்யத்தும் சொல்லல. நோன்பு கூடுமா?

விடியும் முன் ஸஹர் உணவு சாப்பிடுவது சுன்னத்தான், அதை விட்டதால் நோன்புக்குக் குறையில்லை. நிய்யத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை. நாளை ரமளான் நோன்பு பிடிப்பேன் என்று மனத்தில் உறுதி இருந்தாலே நிய்யத். ஷாஃபிஈயில் அந்த உறுதி ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கும் சுபுஹுக்கும் இடையில் வந்திருக்க வேண்டும். ஹனஃபியில் ரமளான் நோன்புக்கு நண்பகலுக்குச் சற்று முன்வரை, அதாவது சுபுஹு முதல் மஃரிப் வரையுள்ள நேரத்தின் பாதி கடக்கும் முன்வரை, வைக்கலாம். அதுவரை எதுவும் உண்டிருக்கக் கூடாது. களா நோன்புக்கு ஹனஃபியிலும் இரவிலேயே நிய்யத் வேண்டும்.

குளிப்புக் கடமையான நிலையில் சுபுஹு வந்துவிட்டாலும் நோன்பு கூடும், தொழுகைக்காகக் குளித்துக்கொள்ள வேண்டும். இன்னும் இரவுதான் என்று நினைத்துச் சாப்பிட்டு, சுபுஹு வந்துவிட்டது பிறகு தெரிந்தால் அந்த நாள் முழுதும் உண்ணாமல் இருந்து, பின்னால் ஒரு நோன்பு களா செய்ய வேண்டும்.

18. ஊசி, கண் மருந்து, வாந்தி, மறந்து குடித்த தண்ணீர்: இதில் எது நோன்பை முறிக்கும்?

மறந்து உண்டதும் குடித்ததும் முறிக்காது, எவ்வளவாக இருந்தாலும் சரி. நினைவு வந்ததும் வாயில் இருப்பதைத் துப்பிவிட வேண்டும். தானாக வந்த வாந்தி முறிக்காது. வரவழைத்த வாந்தி முறிக்கும், ஹனஃபியில் வாய் நிறைய வந்திருந்தால். கண் மருந்து இரு மத்ஹபிலும் முறிக்காது. காதில் சொட்டு விடுவது ஷாஃபிஈயில் முறிக்கும். ஊட்டச்சத்துக்காக அல்லாத ஊசி முறிக்காது என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி முடிவு செய்தது. ஊட்டம் தரும் குளுக்கோஸ் ஏற்றுவதை அது விலக்கியே வைத்தது. அது தேவைப்படும் அளவு நோய் இருந்தால் நோன்பை விட அனுமதியே இருக்கிறது.

நோன்பு நினைவில் இருக்கும்போதே ஒளுவின் தண்ணீர் தொண்டையில் இறங்கிவிட்டால் ஹனஃபியில் முறிந்தது, களா ஒன்று வேண்டும். ஷாஃபிஈயில் அளவோடு கொப்பளித்திருந்தால் முறியாது, தொண்டை வரை அழுத்திச் செலுத்தியிருந்தால் முறியும். ஆகவே நோன்பில் மெதுவாகக் கொப்பளியுங்கள்.

பகலில் உடலுறவால் வேண்டுமென்றே முறித்தால் களாவோடு கஃப்பாராவும் (பரிகாரமும்) உண்டு: தொடர்ந்து 60 நோன்பு, அதற்கு உண்மையிலேயே இயலாதவர் 60 ஏழைகளுக்கு உணவு. ஹனஃபியில் வேண்டுமென்றே உண்டு குடித்து முறிப்பதற்கும் இதே கஃப்பாரா. ஷாஃபிஈயில் அதற்குக் களாவும் தவ்பாவும்.

19. கர்ப்பிணி, பாலூட்டும் தாய் நோன்பை விட்டா ஃபித்யா கொடுத்து முடிச்சிடலாமா?

முடியாது, களா செய்ய வேண்டும். ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு) மட்டும் போதும் என்பது இனி நோன்பு பிடிக்கவே இயலாத முதியோருக்கும் குணமாகும் நம்பிக்கையில்லாத நோயாளிக்கும்தான். ஹனஃபியில் இந்தத் தாய்க்குக் களா மட்டும். ஷாஃபிஈயில் தன் உடலுக்கு அஞ்சி விட்டிருந்தால் களா மட்டும், குழந்தைக்கு மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம். ஒரு முத்து என்பது நடுத்தர ஆளின் இரு கை நிறைய அள்ளும் அளவு. காரணமில்லாமல் அடுத்த ரமளான் வரை களாவைத் தள்ளிப்போட்டாலும் ஷாஃபிஈயில் நாளுக்கு ஒரு முத்து சேரும்.

20. ஜகாத் எவ்வளவு இருந்தா கடமை? சம்பளப் பணம் மாசாமாசம் வருதே, எதுக்கு எந்த வருடக் கணக்கு?

ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவே நிஸாப். தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால், வெள்ளி 200 திர்ஹம். இன்றைய எடையில் தங்கம் 85 கிராம், வெள்ளி 595 கிராம் என்பது பரவலான கணக்கு. ஹனஃபி அறிஞர்கள் பலர் 87.48 கிராம், 612.36 கிராம் என்று எடுப்பார்கள். ரொக்கத்துக்கும் வியாபாரச் சரக்குக்கும் ஹனஃபியினர் பெரும்பாலும் வெள்ளியின் மதிப்பை அளவாக வைக்கிறார்கள், ஏழைக்குப் பயன் அதில்தான் அதிகம். நிஸாபை எட்டிச் சந்திர வருடம் ஒன்று நிறைந்தால் மொத்தத்தில் 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். நிஸாபுக்கு மேலுள்ளதற்கு மட்டும் என்று நினைப்பது தவறு. சூரிய ஆண்டின் தேதியில்தான் கணக்கு முடிக்க முடியும் என்றால் 11 நாள் கூடுவதால் சுமார் 2.577 சதவீதம் கொடுங்கள்.

ஹனஃபியில் வருடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நிஸாப் இருந்தால் போதும். இடையில் வந்து சேர்ந்த பணமும் அந்த வருடக் கணக்கிலேயே சேரும். ஷாஃபிஈயில் புதிதாக வந்த பணத்துக்குத் தனி வருடம். அப்படித் தனித்தனியே எண்ணுவது சிரமம் என்பதால், ஒரு தேதியை வைத்துக்கொண்டு கையிலிருப்பது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவது எளிது. வருடம் நிறையும் முன் கொடுப்பது கூடும். உடனே தீர்க்க வேண்டிய கடனை ஹனஃபியில் கழிக்கலாம், ஷாஃபிஈயில் கழிப்பதில்லை.

21. போட்டுக்கொள்ளும் நகைக்கும் ஜகாத் உண்டா?

ஹனஃபியில் உண்டு. போட்டாலும் பெட்டியில் இருந்தாலும் ஒன்றே. 200 கிராம் நகைக்கு 5 கிராம், அல்லது அதன் அன்றைய விலை. கல்லின் எடையைக் கழித்துவிட வேண்டும், செய்கூலி கணக்கில் வராது. வாங்கிய விலையைப் பார்க்க வேண்டாம், கொடுக்கும் நாளின் விலைதான். ஷாஃபிஈயில் பெண் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. சேமிப்பாக வாங்கி வைத்தது, வரம்பு மீறிய அளவு, உருக்கினால்தான் சரியாகும்படி உடைந்தது ஆகியவற்றுக்கு உண்டு.

ஜகாத் நகையின் சொந்தக்காரர் மீதே கடமை. மனைவியின் நகைக்குக் கணவர் கொடுக்க விரும்பினால் மனைவியின் சம்மதத்தோடு கொடுக்கலாம்.

22. தங்கைக்குக் கொடுக்கலாமா? அப்பா அம்மாவுக்கு? பள்ளிவாசல் கட்ட?

ஏழையான தங்கைக்கும் அண்ணனுக்கும் கொடுக்கலாம், கொடுப்பது சிறப்பும்கூட. ஜகாத் என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, கொடுப்பவரின் மனத்தில் நிய்யத் இருந்தால் சரி. நீங்கள் பராமரிக்கக் கடமைப்பட்ட பெற்றோர், பிள்ளைகள், மனைவி ஆகியோரின் வறுமைக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கக் கூடாது. அவர்களுக்குச் செலவழிப்பது உங்கள் சொந்தக் கடமை. திருக்குர்ஆன் 9:60 எட்டு வகையினரைச் சொல்கிறது, பள்ளிவாசல் கட்டடம் அதில் சேராது என்பதே இரு மத்ஹபின் சட்டம். கொடுத்த கடனை ‘ஜகாத்தாக வைத்துக்கொள்’ என்று தள்ளுபடி செய்வதும் போதாது. ஜகாத்தை அவர் கையில் கொடுங்கள், அவராக விரும்பிக் கடனைத் திருப்பினால் வாங்கிக்கொள்ளலாம்.

23. ஸஃபா, மர்வா ஏழு சுற்றுன்னா போய் வருவது ஒன்றா?

இல்லை. இவை மக்காவில் உள்ள இரு குன்றுகள். ஸஃபாவிலிருந்து மர்வா போவது 1, திரும்பி வருவது 2. ஏழாவது மர்வாவில் முடியும். ஸஃபாவில் முடிந்தால் எண்ணிக்கை எங்கோ தவறிவிட்டது என்று பொருள். தவாஃபின் (கஅபாவைச் சுற்றி வருவதன்) சுற்று ஹஜருல் அஸ்வத் எனும் கறுப்புக் கல்லின் நேரே தொடங்கி அங்கேயே முடியும், கஅபா எப்போதும் இடப்பக்கம் இருக்க வேண்டும். கஅபாவை ஒட்டியுள்ள ஹிஜ்ரின் அரைவட்டச் சுவருக்கு உள்ளே புகுந்து நடந்தால் அந்தச் சுற்று சேராது. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் குறைந்ததை எடுங்கள்.

24. ஹஜ்ஜில் மாதவிடாய் வந்துட்டா ஹஜ்ஜே போச்சா?

போகவில்லை. தவாஃபைத் தவிர எல்லாவற்றையும் செய்யலாம். இஹ்ராம் கட்டலாம் (ஹஜ்ஜின் நிலைக்குள் நுழையலாம்), அரஃபாவில் தங்கலாம், கல் எறியலாம், துஆவும் திக்ரும் செய்யலாம். ஹஜ்ஜின் உயிர் அரஃபாதான்: துல்ஹஜ் 9 நண்பகல் சாய்ந்ததிலிருந்து 10-ஆம் நாள் சுபுஹு வரைக்குள் சற்று நேரமாவது அங்கே இருக்க வேண்டும், அது தவறினால் அந்த வருட ஹஜ் இல்லை. ஹஜ்ஜின் கடமையான தவாஃபைச் சுத்தமான பிறகு செய்ய வேண்டும். இந்தக் காரணத்தால் தாமதமானால் குற்றமில்லை, பரிகாரமும் இல்லை. ஊர் திரும்பும்போது செய்யும் விடைபெறும் தவாஃப் மாதவிடாய்ப் பெண்ணுக்கு மன்னிக்கப்பட்டது. திரும்பும் தேதியை முன்பே யோசித்துப் பயணச்சீட்டு எடுப்பது பெரிய சங்கடத்தைத் தவிர்க்கும்.

25. இறந்தவர் மீது நோன்பும் ஜகாத்தும் பாக்கி. வாரிசுகள் என்ன செய்யணும்?

ஷாஃபிஈயில், அவர் மீது கடமையாகியிருந்த ஜகாத்தும் ஹஜ்ஜும் கடனைப் போன்றவை. வஸிய்யத் (மரண சாசனம்) செய்யாவிட்டாலும் சொத்தைப் பங்கிடும் முன் எடுத்து நிறைவேற்ற வேண்டும். களா செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாத நோன்புக்கு நாளுக்கு ஒரு முத்து (கேள்வி 19) கொடுக்கலாம், அல்லது உறவினர் அவருக்காக நோன்பு நோற்கலாம். தொழுகைக்கு அப்படி எதுவும் இல்லை.

ஹனஃபியில் வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறைவேற்றுவது வாரிசுகளுக்குக் கடமை. ஒவ்வொரு நோன்புக்கும், வித்ரு சேர்த்து ஒரு நாளின் 6 தொழுகைகளில் ஒவ்வொன்றுக்கும், ஒரு ஃபித்ராவின் (நோன்புப் பெருநாள் தர்மத்தின்) அளவு கொடுக்க வேண்டும். வஸிய்யத் இல்லையென்றால் கட்டாயமில்லை. பருவமடைந்த வாரிசுகள் தம் பங்கிலிருந்து மனமுவந்து கொடுத்தால் நல்லது. சிறுபிள்ளைகளின் பங்கில் கை வைக்கக் கூடாது.